இருபத்தையாயிரம் அடிக்குக் கீழே

கணினி விளையாட்டுகளைப் பற்றி நமது சமூகத்தில் இரண்டு பேச்சுகள்தான் இருக்கின்றன. ஒன்று மிம்பரில் கேட்பது: நேரத்தை வீணாக்கும், தொழுகையைப் பிந்தவைக்கும், பிள்ளையைக் கெடுக்கும். மற்றது வீட்டில் கேட்பது: "சும்மா விளையாட்டுத்தானே, வெளியில சுத்தாம வீட்டில இருக்கிறானே, அது போதும்." இரண்டுக்கும் தத்தமது நியாயம் உண்டு. ஆனால் அந்த விளையாட்டு என்ன சொல்கிறது என்ற கேள்வி இரண்டிலுமே இல்லை. ஒரு நாவலைக் கையில் எடுத்தால் யார் கதை சொல்கிறார், யாருடைய கண்ணால் பார்க்கிறோம், யாரைப் பேசவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டுப் பழகியவர்கள் நாம். அதே கேள்விகளை இங்கே ஒரு குண்டுவீச்சு விமான விளையாட்டிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

விளையாட்டின் பெயர் 'பி-17 ஃப்ளையிங் ஃபோட்ரெஸ்'. மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1992 இல் வெளியிட்டது. 2000 ஆம் ஆண்டில் 'த மைட்டி எய்ட்த்' என்ற துணைப்பெயருடன் இரண்டாவது விளையாட்டு வந்தது. நான் அதிகம் விளையாடியது இந்த இரண்டாவதைத்தான். இதை வெறும் சுடுபடு விளையாட்டு என்று சொல்ல முடியாது. சிமியுலேட்டர், அதாவது உண்மையான இயந்திரம் நடந்துகொள்வதைப் போலவே நடந்துகொள்ள முயலும் பாவனை. இரண்டாம் உலக மகா யுத்தத்தில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு ஜேர்மனியின் மீதும் அது பிடித்து வைத்திருந்த நாடுகளின் மீதும் பகலில் குண்டுபோட்ட அமெரிக்க எட்டாவது விமானப்படையின் கதை இது. நான்கு எஞ்சின், பத்துப் பேர், ஒரு விமானம். இருபத்தைந்து பறப்புகளை முடித்தால் வீட்டுக்குப் போகலாம். இந்தப் பறப்புகளின் தொடரைத்தான் 'கெம்பெய்ன்' என்கிறார்கள்.

முதலில் இதன் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். அது கொஞ்சநஞ்சமல்ல.

போர் விளையாட்டு என்றால் ஓடிப்போய்ச் சுடுவது என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். இங்கே பெரும்பகுதி காத்திருப்புத்தான். விமானி, துணை விமானி, வழிகாட்டி, குண்டு எறிபவர், பொறியாளர், வானொலிக்காரர், வயிற்றுப்பக்கக் கோளத்துக்குள் சுருண்டு கிடக்கும் சுடுநர், இடுப்புப் பக்கத்தில் இருவர், வாலில் ஒருவர். பத்துப் பேரின் இடத்துக்கும் நாம் மாறி மாறிப் போகலாம். பத்தாயிரம் அடிக்கு மேல் ஒக்சிஜன் வேண்டும். இன்னும் மேலே போனால் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை குளிர். ஒரு எஞ்சினில் தீப்பிடித்தால் அணைக்க வேண்டும். காயப்பட்டவனுக்கு இன்னொருவன் போய் முதலுதவி செய்ய வேண்டும். அவன் விட்டுப்போன துப்பாக்கி அவ்வளவு நேரமும் ஆளில்லாமல் கிடக்கும். ஒருவனைக் காப்பாற்றப் போனால் மற்ற ஒன்பது பேரின் உயிர் ஊசலாடும் என்ற கணக்கை எந்தப் போர்ச் சினிமாவும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளக்கவில்லை.

இதன் உச்சக்கட்டம் குண்டுபோடும் ஓட்டம். அந்தச் சில நிமிடங்களில் விமானி விமானத்தைக் கையளித்துவிடுகிறார். நோர்டன் என்ற குறிபார்க்கும் கருவி தானியங்கிச் செலுத்தியோடு இணைக்கப்பட்டிருப்பதால், மூக்கிலே குனிந்திருக்கும் குண்டு எறிபவர்தான் இப்போது விமானத்தைச் செலுத்துகிறார். கீழிருந்து பீரங்கிக் குண்டுகள் வந்து சுற்றிலும் கறுப்புப் புகையாக வெடிக்கின்றன. விலகக்கூடாது. விலகினால் குறி தவறும். நேராக, மட்டமாக, ஒரே வேகத்தில் போகவேண்டும். கையைக் கட்டிக்கொண்டு சாவுக்குள்ளால் நடந்து போவது எப்படியிருக்கும் என்பதை அந்த நிமிடங்கள் கொஞ்சமாவது உணர்த்துகின்றன.

இந்தப் பயம் பொய்ப் பயமல்ல. 1943 ஒகஸ்ட் 17 இல் ரேகன்ஸ்பேர்க், ஷ்வைன்ஃபூட் ஆகிய நகரங்களிலிருந்த தொழிற்சாலைகளைத் தாக்க 376 பி-17 விமானங்கள் அனுப்பப்பட்டன. அறுபது திரும்பவில்லை. அதே ஆண்டு ஒக்டோபர் 14 இல் மறுபடியும் ஷ்வைன்ஃபூட். 291 போயின. அன்றும் அறுபது இழப்பு. விமானத்துக்குப் பத்துப் பேர் என்று பெருக்கிப் பாருங்கள். யுத்தம் முடியும்போது எட்டாவது விமானப்படையில் இறந்தவர்கள் ஏறத்தாழ 26,000 பேர். இருபத்தைந்து என்ற இலக்கம் அந்தப் பையன்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை வரலாற்றுப் புத்தகம் சொல்லும். இந்த விளையாட்டோ அதை எண்ணிப் பார்க்க வைக்கும். ஒவ்வொருவனுக்கும் பெயர் இருக்கிறது. பத்தாவது பறப்பில் வால் சுடுநன் செத்துப்போனால் பதினோராவது பறப்பில் அந்த இடத்தில் புதுப் பெயர். அந்தப் புதுப் பெயரைப் பார்க்கும்போது மனசு என்னமோ செய்கிறது. நல்ல போர் இலக்கியம் செய்யும் வேலை இது: இலக்கத்தைப் பெயராக மாற்றுவது.

என் விமர்சனமும் அந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறது. இலக்கத்தைப் பெயராக மாற்றும் இந்த விளையாட்டு, அதே நேரத்தில் இன்னொரு பக்கத்தில் ஆட்களைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறது.

விமானம் தரையிறங்கியதும் அறிக்கை வரும். இலக்குக்கு எவ்வளவு சேதம், நம்மில் யார் காயம், யார் மரணம், யாருக்குப் பதக்கம். ஒருநாள் என் தங்கையின் மகன் பக்கத்திலிருந்து விளையாடிக்கொண்டிருந்தான். "மாமா, பாருங்களே, டார்கெட் முடிஞ்சிது. நம்மட ஆள் ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகல்ல" என்றான். "கீழ இருந்த ஆக்கள்?" என்று கேட்டேன். திரையை ஒருதரம் மேலும் கீழும் தேடிவிட்டு, "அது கேம்ல இல்ல மாமா" என்றான். அவன் சொன்னது முழுக்க உண்மை. தேடித்தான் சொன்னான்.

இல்லாதது எது என்பதை விளக்க ஒரு புள்ளிவிபரம் போதும். யுத்தம் முடிந்தபின் அமெரிக்க அரசே ஒரு மதிப்பாய்வுக் குழுவை அமைத்துத் தன் குண்டுவீச்சின் பலனை ஆராய்ந்தது. குறிப்பான இலக்கு என்று அது வரையறுத்தது குறிப்புள்ளியைச் சுற்றி ஆயிரம் அடி ஆரையுள்ள வட்டத்தை. அவ்வளவு பெரிய வட்டத்துக்குள்ளும் விழுந்தவை மொத்தத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 20 வீதமான குண்டுகள்தான் என்று அந்தக் குழுவே எழுதிவைத்தது. ஐந்தில் நான்கு வேறெங்கோ விழுந்தன. எங்கே?

இந்த விளையாட்டு அந்தத் தவறுதலைச் சரியாகவே பாவனை செய்கிறது. வேகத்தைக் கொஞ்சம் பிழையாகக் கொடுத்தால், ஒரு விநாடி பிந்தினால், குண்டு விலகிப் போய்விடும். ஆனால் விலகிய குண்டு போய் விழும் இடத்தைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. அது புள்ளி கிடைக்காத குண்டு. அவ்வளவுதான். உண்மையில் விலகிய குண்டுக்கும் ஒரு விலாசம் உண்டு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தேடிக் கொழும்புக்கு வந்தபோது, அங்கொட மனநோய் வைத்தியசாலையிலும் குண்டு விழுந்தது. அந்த விமானங்களில் இருந்தவர்களின் கணக்கில் அது வீணாய்ப்போன குண்டு. அங்கொடையின் கணக்கு வேறு.

விலகிய குண்டு மட்டுமல்ல, விலகாத குண்டும் உண்டு. இந்த விளையாட்டு நமக்குத் தரும் இலக்குகள் தொழிற்சாலை, விமானத் தளம், ரயில் நிலையம், துறைமுகம் என்று போகும். ஆனால் 1943 ஒக்டோபர் 10, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ம்யூன்ஸ்டர் நகரத்தைத் தாக்கியபோது நகர மையமே குறியாகக் கொடுக்கப்பட்டது. ரயில்வேத் தொழிலாளர்கள் குடியிருந்த நகரம் அது. அன்றைக்கே, அதே வானத்தில், நூறாவது குண்டுவீச்சுப் பிரிவு இலக்குக்குப் போன தனது பதின்மூன்று விமானங்களில் பன்னிரண்டை இழந்தது. இரண்டும் ஒரே மணித்தியாலத்தில் நடந்தவை. பன்னிரண்டு விமானங்களின் துயரத்தைச் சொல்லும் மொழி இந்த விளையாட்டுக்கு இருக்கிறது. கீழேயிருந்த தெருக்களின் துயரத்தைச் சொல்ல ஒரு சொல்லும் இல்லை.

இதற்கு ஒரு பதில் உண்டு. நான் விளையாட்டின் பக்கம் நின்று அதைச் சொல்லிப் பார்க்கிறேன். "இது பத்துப் பேரின் கதை. அவர்கள் கண்டதைத்தான் நாமும் காண்கிறோம். இருபத்தையாயிரம் அடியிலிருந்து அவர்களுக்கு மனிதன் தெரியவில்லை, ஆகவே நமக்கும் தெரியாது. இது குருடல்ல, நேர்மை." வலுவான வாதம். கதைசொல்லியின் கண் எட்டாத இடத்தைக் காட்டச் சொல்லி ஒரு நாவலாசிரியரையும் நாம் வற்புறுத்துவதில்லை.

ஆனால் அதே பி-17 இல் அதே கருவிக்கு முன்னால் குனிந்திருந்த ஒருவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். பின்னாளில் வரலாற்றாசிரியராகப் பெயர்பெற்ற ஹவர்ட் சின், எட்டாவது விமானப்படையில் குண்டு எறிபவராக இருந்தவர். 1945 ஏப்ரல் நடுப்பகுதியில், ஐரோப்பாவில் யுத்தம் முடிய மூன்று வாரமளவே இருந்தபோது, பிரான்ஸின் கரையோர நகரமான ருவாயோன் மீது நேபாம் குண்டுகள் போடப்பட்டன. அந்தப் பறப்பில் அவரும் இருந்தார். மேலிருந்து அவர் கண்டதெல்லாம் சின்னச் சின்ன வெளிச்சங்கள்தான். மனிதரைக் காணவில்லை, சத்தம் கேட்கவில்லை. இதுவரைக்கும் விளையாட்டும் அவரும் ஒன்று. வித்தியாசம் பிறகு வருகிறது. 1966 இல் சின் அந்த நகரத்துக்குப் போனார். ஆவணங்களைத் தேடினார், அங்கே வாழ்ந்தவர்களிடம் கேட்டார், தான் பங்குபற்றிய தாக்குதலைத் தானே ஆராய்ந்து கட்டுரை எழுதினார். மேலிருந்து தெரியவில்லை என்பதை அவர் மறுக்கவில்லை. தெரியாததைத் தேடிப்போவது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார்.

நாவலிலும் உதாரணம் உண்டு. 'கெட்ச்-22' எழுதிய ஜோசப் ஹெலர், அறுபது பறப்புகள் பறந்த குண்டு எறிபவர். 1961 இல் வந்த அவரது நாவலும் பறப்புகளின் எண்ணிக்கையைச் சுற்றித்தான் ஓடுகிறது. முடிக்க முடிக்க மேலதிகாரி எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவார். கதைசொல்லியின் கண் அங்கேயும் விமானக்காரரின் கண்தான். ஆனால் பாதுகாப்பேயில்லாத ஒரு மலைக்கிராமத்தைத் தாக்கச் சொல்லிக் கட்டளை வரும்போது, கீழேயுள்ள மக்களுக்கு எச்சரிக்கை கொடுக்கப்படாதா என்ற கேள்வி விமானிகளின் வாயிலிருந்தே வருகிறது. குண்டுகள் நெருக்கமாக விழுந்தால் ஆகாயப் படம் அழகாயிருக்கும் என்பதுதான் மேலதிகாரிகளின் கவலை. ஆகவே, மேலிருந்து சொல்லப்படும் கதை கீழே உள்ளவரை மறந்தே ஆகவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. நம்முடைய பத்துப் பேர் பறப்பு முழுவதும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டுதான் வருகிறார்கள். எதிரி விமானம் எந்தத் திசையில், எந்த எஞ்சினில் புகை என்றெல்லாம் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் கீழே இருந்தவர்களைப் பற்றி ஒரேயொரு கேள்வியை வைத்திருந்தாலும் என் விமர்சனத்தில் பாதி விழுந்துபோயிருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். எல்லா விளையாட்டுகளையும் போல இங்கேயும் தோற்றால் மறுபடி ஆரம்பிக்கலாம். செத்தவன் எழும்புவான், எரிந்த எஞ்சின் புதுசாகும். கேர்ட் வொனகட், ட்ரெஸ்டன் நகரம் எரிந்தபோது அங்கே போர்க்கைதியாக நிலக்கீழ் அறையொன்றில் இருந்து தப்பியவர். 1969 இல் வந்த அவரது 'ஸ்லோட்டர்ஹவுஸ்-ஃபைவ்' நாவலில் ஒரு பாத்திரம் குண்டுவீச்சுப் படமொன்றைப் பின்னோக்கி ஓடுவதாகக் காண்கிறது. அங்கே காலம் திரும்பும்போது விமானக்காரர் மட்டுமல்ல, நகரமும் முழுசாகிறது, தீயும் குண்டுக்குள் திரும்பிப் போகிறது. நமது விளையாட்டிலும் காலம் பின்னோக்கிப் போகிறது. ஆனால் அங்கே மீள்வதற்கு நகரத்தில் யாருமே இருந்ததில்லை.

தமிழ் பேசும் முஸ்லிம் வாசகர்களாகிய நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். விமானத்திலிருந்து குண்டுபோடும் வரலாறு ஐரோப்பிய நகரங்களில் தொடங்கவில்லை. 1911 நவம்பர் 1 இல், உஸ்மானிய ஆட்சியின் கீழிருந்த லிபியாவை இத்தாலி பிடிக்க முயன்ற யுத்தத்தில், ஜூலியோ கவோட்டி என்ற இத்தாலிய லெப்டினன்ட் தன் சிறிய விமானத்திலிருந்து கையால் குண்டுகளை எடுத்துப் போட்டார். திரிபோலிக்குப் பக்கத்து அய்ன் ஸாராவில் அவை விழுந்தன. விமானத்திலிருந்து போடப்பட்ட முதல் குண்டுகள் என்று வரலாறு பதிவது இவற்றைத்தான். பிறகு 1920களில் ஈராக்கின் கிராமங்களைப் பிரித்தானிய விமானப்படை குண்டுபோட்டு ஆண்டது. 1922 இல் அங்கே ஒரு விமானப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஆர்தர் ஹரிஸ்தான் பின்னர் ஜேர்மனிய நகரங்களை இரவில் எரித்த பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையின் தளபதி. இந்தத் தொழிலின் பாலபாடம் நம்மவர்களின் ஓலைக்கூரைகளுக்கு மேலேயும் படிக்கப்பட்டது.

நமது அறிவு மரபில் இந்தக் கேள்வி புதிதுமல்ல. குண்டு இல்லாத காலத்தில் மன்ஜனீக் இருந்தது. தூரத்திலிருந்து கோட்டைக்குள் கல்லெறியும் பொறி. கோட்டைக்குள்ளே பெண்களும் சிறுவர்களும் கைதிகளும் இருந்தால் அதைப் பாவிக்கலாமா என்று ஃபிக்ஹ் அறிஞர்கள் விவாதித்திருக்கிறார்கள். இமாம் அபூஹனீஃபாவின் மாணவர் முஹம்மத் அஷ்-ஷைபானியின் போர்ச்சட்ட ஆக்கங்களில் இந்த விவாதம் வருகிறது. அவர்களின் முடிவுகள் எல்லாம் இன்றைய மனசுக்கு ஒத்துவரும் என்று நான் சொல்லவரவில்லை. நிய்யத் போராளிகளை நோக்கி இருந்தால் போதும் என்று அனுமதித்தவர்களும் உண்டு. ஆனால் கேள்வியைக் கேட்டார்கள். எறிபவனுக்குக் கண்தெரியாத இடத்தில் இருப்பவரும் கணக்கில் வருவார் என்று ஒப்புக்கொண்டுதான் விவாதத்தை ஆரம்பித்தார்கள். சிரியாவுக்குப் போன படைக்கு கலீஃபா அபூபக்ர் (ரழி) கொடுத்த அறிவுரைகள் இமாம் மாலிக்கின் முவத்தாவில் பதிவாகியுள்ளன. பெண், பிள்ளை, முதியவர் மட்டுமல்ல, காய்க்கும் மரமும் அதில் வருகிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. 2015 இலிருந்து யெமன் மீது குண்டுபோட்டவை முஸ்லிம் நாடுகளின் விமானங்கள். மரபு கையில் இருப்பது வேறு, அதன்படி நடப்பது வேறு.

இந்த நாட்டு வாசகர்களுக்கு ஒரு தகுதி இருக்கிறது. வடக்கில் குண்டுவீச்சு விமானத்துக்குப் 'பொம்மர்' என்று பெயர். அந்தச் சொல் தமிழுக்கு வந்தது அகராதி வழியாக அல்ல, பங்கருக்குள் ஓடிய சனங்களின் வாய்வழியாக. 1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டதிலிருந்து ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்படும் வரை, யாழ்ப்பாண முஸ்லிம்களும் அந்தச் சத்தத்துக்குக் கீழேதான் இருந்தார்கள். நம்மில் பலருக்கு இந்தக் கதையின் கீழ்ப்பாதி கேள்விப்பட்ட விஷயமல்ல, கண்ட விஷயம். இந்த விளையாட்டை அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் விளையாடுவதற்கும் நாம் விளையாடுவதற்கும் இங்கேதான் வித்தியாசம் வரவேண்டும்.

ஹிட்லரை வீழ்த்தியது தேவையற்ற யுத்தம் என்றோ, அந்தப் பத்துப் பையன்களும் கொலைகாரர்கள் என்றோ நான் சொல்லவில்லை. யுத்தத்தின் நியாயம் ஒரு விஷயம், கணக்கு எழுதும் நேர்மை இன்னொரு விஷயம். நியாயமான யுத்தத்துக்கும் முழுக்கணக்கு எழுதலாம். எழுதத்தான் வேண்டும்.

விளையாட்டு என்ற வடிவத்துக்கு இது முடியாது என்பதும் சரியல்ல. 2014 இல் போலந்து நிறுவனமொன்று வெளியிட்ட 'திஸ் வோர் ஒஃப் மைன்' சரயேவோ முற்றுகையின் அனுபவத்திலிருந்து பிறந்தது. அதில் நாம் படைவீரர் அல்ல. இடிந்த வீடொன்றில் மருந்துக்கும் விறகுக்கும் அலையும் சாதாரண சனம். அங்கேயும் பெயர்கள் இருக்கின்றன, சாவு இருக்கிறது, காத்திருப்பு இருக்கிறது. போலந்து அரசு 2020 இல் அதைப் பாடசாலை மாணவருக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. பொஸ்னிய முஸ்லிம்களுக்காக துஆக் கேட்ட நமது பள்ளிவாசல்களில் எத்தனை பேருக்கு இப்படியொரு விளையாட்டு இருப்பது தெரியும்?

பி-17 செய்பவர்களுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய தேவையும் இல்லை. ஒவ்வொரு குண்டும் எங்கே விழுகிறது என்பதை அந்த நிரலி ஏற்கெனவே கணக்கிடுகிறது. தரையிறங்கியபின் வரும் அறிக்கையில் இரண்டாவது பக்கம் ஒன்று வைத்தால் போதும். இலக்கில் இத்தனை, இந்தத் தெருவில் இத்தனை, இந்த வைத்தியசாலையில் இத்தனை. இருபத்தைந்து பறப்பும் முடிந்து வீட்டுக்குப் போகும் நாளில் இருபத்தைந்து பக்கங்கள் கையில் இருக்கும். அதனால் விளையாட்டின் விறுவிறுப்புக் குறையாது. குண்டுபோடும் ஓட்டத்தின் அந்த நிமிடங்கள் இன்னும் கனக்கும்.

அதுவரைக்கும் அந்த இரண்டாவது பக்கத்தை விளையாடுபவர்தான் எழுத வேண்டியிருக்கிறது. பிள்ளையின் கையிலிருந்து விளையாட்டைப் பறிப்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து, "கீழ யாரு மகன் இருந்த?" என்று கேட்பது கஷ்டமான வேலை. ஆனால் பலன் உள்ள வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.